தூசி அகற்றப்பட்டது

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எந்த உண்மையும் நேராக வெளியே போய்விட முடியாது. முதலில் அதைக் காட்சித் தொடர்புக் குழு பார்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் நாலைந்து வருடம் உட்கார்ந்து எதையாவது கண்டுபிடிப்பார்கள். குழு நாற்பது நிமிடம் உட்கார்ந்து அதற்கு என்ன நிறம் என்று கண்டுபிடிக்கும். பெரும்பாலும் நீலம்.

குழுவிடம் எழுபத்திரண்டு பக்கக் கையேடு ஒன்று இருந்தது. வெளியே போகும் ஒவ்வொரு படத்திலும் எங்கிருந்தோ வரும் ஓர் ஒளி, யாருடையதென்று தெரியாத ஒரு கை, நிறுவனத்தின் முத்திரை ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது அதன் முதல் விதி. சிறுநீரகக் கல் பற்றிய படத்தில் கல்லுக்குப் பின்னால் சூரியன் உதித்தது. நிலநடுக்கம் பற்றிய படத்தில் ஒரு கை பூமியை ஆதரவாகப் பிடித்திருந்தது. ஆட்டியது அந்தக் கைதான் என்று பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஓவியப் பெண் ஒப்பந்த வேலையில் இருந்தாள். நுண்ணோக்கியில் பூச்சியைப் பார்ப்பாள். மெல்லிய முனைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து அதைத் தாளுக்குக் கொண்டுவருவாள். நிழல் வேண்டிய இடத்தில் புள்ளிகள் நெருங்கும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலகும். ஒரு வண்டுக்குப் பதினோராயிரம் புள்ளி ஆகும். ஆறு வருடத்தில் எத்தனை லட்சம் வைத்திருப்பாளோ, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசியில் விசாரணைக்கு வந்தது ஒரே ஒரு புள்ளி.

மழை நின்ற வாரம், பூச்சியம்மா அவள் மேசைக்கு வந்தார். பூச்சியியல் பிரிவின் மூத்த ஆராய்ச்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், அதனாலேயே எந்தக் குழுவிலும் அவரைச் சேர்க்கவில்லை. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார்.

"காலியா இருக்கே, மேடம்."

"நல்லாப் பாரு."

அடியில் ஒரு கரும்புள்ளி இருந்தது. எள்ளில் பாதிகூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது அது நடந்து குப்பியின் மறுபக்கம் போயிற்று.

"உண்ணி. குட்டி. நம்ம பின்பக்கப் புல்வெளியில பிடிச்சேன்" என்றார் பூச்சியம்மா. "பெரிசு ஏறினா தெரியும், பிடுங்கிப் போட்டுடுவாங்க. இது ஏறினா தெரியாது. ரெண்டு நாள் கால்லயே ஒட்டிட்டு இருக்கும். அப்புறம் காய்ச்சல். தோட்ட ஆளுங்க ரெண்டு பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில."

பெண்ணின் கையிலிருந்த பேனா நின்றது. மிச்சம் இருந்த ஏழு தோட்டக்காரர்களில் ஒருவர் அவள் அண்ணன்.

"அடுத்த புல்வெட்டு எப்போ மேடம்?"

"மூணு வாரம் கழிச்சு, திங்கட்கிழமை. முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்டு, பேண்டை அதுக்குள்ள விட்டுக்கணும். சாயங்காலம் காலைப் பாத்துக்கணும். அவ்வளவுதான். ஆனா எதைப் பாக்கணும்னு தெரியணுமே. அதுக்குத்தான் படம்."

நான்கு நாளில் படம் முடிந்தது. மேலே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உண்ணி, எட்டுக் கால்களோடு. கீழே வெள்ளை இடத்தில் தனியாக ஒரு புள்ளி. புள்ளியைக் காட்டும் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் "உண்மை அளவு" என்று இரண்டு சொல். தட்டளவு உண்ணியை வரைந்ததைவிடப் புள்ளியை வைக்கத்தான் அவளுக்கு அதிகம் யோசனை பிடித்தது. குப்பியைப் பக்கத்தில் வைத்து மூன்று முறை அளந்தாள்.

வீட்டுக்கு எடுத்துப்போய் அண்ணனிடம் காட்டினாள்.

"மேல இருக்கறது என்ன?"

"உண்ணி."

"கீழ?"

"அதே உண்ணிதான். நிஜத்துல இவ்வளவுதான் இருக்கும்."

அண்ணன் புள்ளியைப் பார்த்தார். பிறகு பேண்டைச் சுருட்டிவிட்டு விளக்கடியில் போய் உட்கார்ந்து இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மச்சத்தின்மேல் சந்தேகப்பட்டு நகத்தால் சுரண்டிவிட்டு, "இது அம்மா குடுத்தது" என்று தேறினார்.

"மேல இருக்கறது எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு, அண்ணா."

"எனக்குக் கீழ இருக்கறது போதும். அதை மட்டும் வெட்டிக் குடு, பர்ஸுல வெச்சுக்கறேன்."

அவள் படத்தை வெட்டாமல், ஒரு துண்டுத் தாளில் அதே அளவுக்கு ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். அந்தப் படத்துக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் குழுவில் கிடைத்தன.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒருவர், நிற ஆலோசகர் ஒருவர், பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர். பொதுமக்கள் பிரதிநிதி என்பவர் தலைவரின் மைத்துனர். பொதுமக்களில் தலைவருக்குத் தெரிந்தவர் அவர்தான். விளக்கம் சொல்லப் பெண்ணையும் பூச்சியம்மாவையும் எதிரே உட்காரவைத்திருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் இந்த நாற்காலியில உக்காந்து பத்தொன்பது வருஷம் ஆகுது. ஒரு நாள்கூட அறிவியலுக்குக் குறுக்க நின்னதில்ல. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே குறுக்க நிக்கறது? நமக்குத் தெரியாட்டாலும் மக்களுக்குப் புரியணும், அதுதான் என் கொள்கை. சொல்லுங்க, படம் எப்படி?"

நிற ஆலோசகர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கறுப்பு ரொம்ப சோகமா இருக்கு. இது மேல ஒரு நம்பிக்கை வர மாட்டேங்குது."

"உண்ணி மேல நம்பிக்கை வரக் கூடாதுங்க" என்றாள் பெண்.

"பாருங்க, இதுதான் ஓவியர்களோட பிரச்சினை. எதிர்மறையா யோசிக்கறாங்க."

நீலம் என்று முடிவாயிற்று. பிறகு கால்களுக்கு வந்தார்கள். எட்டு என்பது கொஞ்சம் நெருக்கடியாகத் தெரிகிறது, ஆறாகக் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். அது இயற்கையாகவே எட்டு என்றார் பூச்சியம்மா. இயற்கைக்கு இட ஒதுக்கீடு பற்றித் தெரியாது என்றார் நிற ஆலோசகர். நீண்ட நேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: எப்படியும் விதிப்படி ஒரு கை வர வேண்டும், உண்ணியை அந்தக் கை ஏந்திக்கொண்டிருக்கட்டும், இரண்டு கால் விரல்களுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

"இதைத் தொடக் கூடாதுன்னுதானே படமே போடறோம்" என்றாள் பெண்.

"தொடலையேம்மா. தாங்குது" என்றார் தலைவர்.

பொதுமக்கள் பிரதிநிதியின் கருத்தைக் கேட்டார்கள். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எனக்குப் புரியுது. அதுதான் உறுத்துது. எனக்கே புரிஞ்சா இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு?"

தலைவர் இதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.

புள்ளியை யாரும் கவனிக்கவில்லை. பெண்ணுக்கு உள்ளுக்குள் நிம்மதி. நிறம், ஒளி, கை, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அண்ணனுக்கு வேண்டியது கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். படத்தைத் திருத்திக் கொடுத்தாள். அச்சு மாதிரி ஒரு வாரம் கழித்து வந்தது. நீல உண்ணி இருந்தது, ஒளி இருந்தது, கை இருந்தது. புள்ளி இல்லை. அம்புக்குறி வெறும் வெள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தது. மாதிரியின் மூலையில் ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள்: "தூசி அகற்றப்பட்டது."

குத்தியவர் கடைசி அறையில் இருந்தார். அச்சுக்குப் போகும் படங்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கி, ஸ்கேன் செய்யும்போது ஒட்டிய தூசியைத் துடைப்பது அவர் வேலை. முகத்திலும் மேசையிலும் ஒரு மாசு கிடையாது. எல்லோரும் அவரைப் பளிச் என்றே கூப்பிட்டார்கள்.

"அது தூசி இல்லைங்க, உண்ணி."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று பளிச் பரிவாகச் சொன்னார். "போன மாசம் நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டு எடுத்தேன். அதுல மூவாயிரம் ஒரே படத்துல. வானியல் பிரிவு அனுப்பினது. அப்படி ஒரு அழுக்குப் படத்தை நான் பாத்ததே இல்ல. மூணு நாள் உக்காந்து துடைச்சேன். சுத்தமான கறுப்பு வந்துச்சு."

"அது ராத்திரி வானம் இல்லையா?"

"ஆமா, வானம்தான். அதுக்கு விருதுகூடக் குடுத்தாங்க, எளிமைன்னு."

பெண் குனிந்து, "அண்ணன் அந்தப் புல்லுல இறங்கப் போறாருங்க. அந்தப் புள்ளியை மட்டும் விட்டுடுங்க" என்றாள்.

பளிச் உருகிப் போனார். கெட்ட மனிதர் இல்லை. "எழுதிக் குடுங்க, தூசி இல்லைன்னு" என்றார்.

அவள் புள்ளியை மறுபடி வைத்து, பக்கத்தில் பென்சிலால் "இது தூசி அல்ல" என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதிரி வந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. புள்ளி போயிருந்தது. அவர் தவறில்லை, கணினியில் புதிதாகப் போட்ட மென்பொருள் தானாகவே தூசியைத் துடைத்துவிடும், தமிழ் படிக்காது.

இந்த மாதிரிதான் குழுவின் இறுதிக் கூட்டத்துக்குப் போயிற்று. பென்சில் எழுத்தை நிற ஆலோசகர் சிவப்பு மையால் அடித்தார். பூச்சியம்மா எழுந்து, "புள்ளி வேணும்" என்றார். குழுவின் முன்னால் அவருக்கு அது நீளமான பேச்சு.

"புள்ளிக்குக் கையேட்டுல இடமில்லைங்க" என்றார் தலைவர். "படத்துல எந்தப் பொருளும் முத்திரையில கால்வாசிக்குக் குறையக் கூடாதுன்னு பதினாறாம் பக்கம் இருக்கு. நீங்க வேணா உண்ணியைக் கொஞ்சம் பெரிசா வளரச் சொல்லுங்க, நான் அனுமதிக்கறேன்." மைத்துனர் சிரித்தார். தலைவர் தொடர்ந்தார். "ஆனா இந்த அம்பு எதையும் காட்டாம நிக்குதே. பாக்கறவன் ஏமாந்து போவான். மக்களை ஏமாத்தறது நமக்குப் பிடிக்காது. இதை எதுமேலயாவது திருப்பி விடுங்க."

ஒளியை விட்டால் படத்தில் இருந்தது மூன்றுதான். முத்திரைமேல் அம்பு படக் கூடாது என்று விதி. கையின்மேல் திருப்பினால் கைக்குப் புரியாது என்றார் மைத்துனர். ஆகவே உண்ணிமேல் திருப்பினார்கள்.

இப்படித்தான், சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு நீல உண்ணி, பின்னால் ஒளி வீச, ஒரு கையில் சுகமாக உட்கார்ந்திருக்க, அதைச் சுட்டி "உண்மை அளவு" என்று எழுதிய சுவரொட்டி நாற்பது பிரதி அச்சாகித் தோட்டத்து மரங்களில் ஏறியது. நாடா வெட்டினார்கள். தலைவர் முதல் மரத்தடியில் நின்று, "இனிமே இந்தத் தோட்டத்துல யாருக்கும் அறியாமை வராது" என்று பேசினார். தோட்டக்காரர்கள் ஏழு பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார்கள்.

"இவ்வளவு பெரிசா?" என்றார் ஒருவர்.

"இது வந்தா நான் கடிபட மாட்டேன்பா. கயிறு கட்டி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்றார் இன்னொருவர்.

"அது இல்லைங்க. நிஜத்துல புள்ளி மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

"யார் சொன்னா?"

"என் தங்கச்சி."

"உன் தங்கச்சி வீட்டுல சொன்னதை நம்பறதா, நிறுவனம் அச்சடிச்சு மரத்துல மாட்டினதை நம்பறதா?"

அண்ணன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் இது சிரிப்போடு போயிருக்கும், கிடங்குக்காரர் மட்டும் அந்தப் படத்தைக் கவனமாகப் படிக்காமல் இருந்திருந்தால். நிறுவனத்தில் எதையும் ஒழுங்காகப் படிக்கிற ஒரே ஆள் அவர். சனிக்கிழமை மத்தியானம் ஓவியப் பெண்ணின் அண்ணன் நீளமான சாக்ஸ் வாங்கக் கிடங்குக்குப் போய், தோளில் ஒரு பெரிய வலையோடு திரும்பி வந்தார்.

"என்ன அண்ணா இது?"

"சாக்ஸ் குடுக்க மாட்டேங்கறார். ஆளுக்கு ஒரு வலை, ஒரு தடி."

அவள் நேரே கிடங்குக்குப் போனாள். மேசைமேல், ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு பேருக்கும் சேர்த்து, ஒன்பது ஜோடி சாக்ஸ் கட்டி, திருப்பி அனுப்பத் தயாராக இருந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் கிடங்குக்காரர். சுவரொட்டியின் மீது ஓர் அடி ஸ்கேலை வைத்துக் காட்டினார். "பத்தேகால் அங்குலம். இது சாக்ஸுக்குள்ள எப்படிப் போகும்?"

"படம் தப்புங்க."

"வரைஞ்சது யாரு?"

"நான்தாங்க."

"மாத்திப் போட்டு வாங்க, மாத்திக் குடுக்கறேன். எனக்கென்ன சாக்ஸ் மேல ஆசையா?"

திங்கட்கிழமை பனி காய்ந்ததும், பதினொரு மணிக்குப் புல்வெட்டு. இடையில் இருப்பது ஒரு ஞாயிறு. குழுவை மறுபடி கூட்டப் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மரம் மரமாக நின்று, பழைய அம்பை அடித்துவிட்டு, கீழே வெள்ளை இடத்தில் ஒரு புள்ளி வைத்து, புது அம்பு போட்டாள். நாற்பது மரம், நாற்பது புள்ளி. ஒன்றையும் அவசரமாக வைக்கவில்லை. முப்பத்தேழாவது மரத்தில் காவலாளி பிடித்துவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"புள்ளி வெக்கறேன்."

"எங்க?"

காட்டினாள். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். இன்னும் கிட்டப் போனார். மூக்கு காகிதத்தில் பட்டது. பிறகு மீதி மூன்றையும் வைத்துக்கொள்ள விட்டுவிட்டு, புகார் எழுதப் போனார்.

விசாரணைக்கு மட்டும் பதினைந்து நாள் அறிவிப்பு தேவையில்லை. திங்கள் காலை பத்து மணிக்கே கூடியது. குழுவின் மூன்று பேரோடு பளிச், கிடங்குக்காரர், காவலாளி, பூச்சியம்மா. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி ஓரத்தில் ஏழு பேர், ஆளுக்கொரு வலையோடு, பதினொரு மணிக்காக நின்றார்கள். கணுக்கால் தெரிந்தது.

சாட்சிப் பொருளாக ஒரு சுவரொட்டி வேண்டுமென்றார்கள். காவலாளி போய், புல்வெளியை ஒட்டிய கடைசி மரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி, புல்லில் விரித்துச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

தலைவர் இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திக்கொண்டார். "ஒரு புள்ளிதானேன்னு நீங்க கேக்கலாம். இன்னைக்குப் புள்ளி வெப்பாங்க. நாளைக்கு அம்பைத் திருப்புவாங்க. அப்புறம் ஒவ்வொரு படத்துலயும் இருக்கறதை இருக்கறபடியே போடணும்னு ஆரம்பிப்பாங்க. அப்போ நாம எதுக்கு? இந்தக் குழு எதுக்கு? நிறுவனமே தேவையில்லை, ஆளாளுக்கு ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கலாமே." தண்ணீர் குடித்தார். "சொல்லும்மா, புள்ளி வெச்சது நீயா?"

"ஆமாங்க."

"எத்தனை?"

"படத்துக்கு ஒண்ணு."

"பொய். இதுல ரெண்டு இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். பூச்சியம்மாவும் எழுந்து வந்து குனிந்தார்.

"அந்த ரெண்டாவது என்னுது இல்லைங்க" என்றாள் பெண். ஆறு வருடத்தில் வைத்த புள்ளியில் எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாதா.

"அப்போ தூசி" என்றார் தலைவர். "பளிச்."

பளிச் பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, பழகிய கையால் நீட்டினார். புள்ளி இடது பக்கம் நகர்ந்தது. மறுபடி நீட்டினார். மறுபடி நகர்ந்தது.

"சார், தூசி நடக்குது."

அதற்குப் பிறகு நடந்ததைக் குறிப்பேட்டில் 'சிறிய இடைவேளை' என்று எழுதியிருக்கிறார்கள். பொதுமக்கள் பிரதிநிதி நாற்காலிமேல் ஏறினார். நிற ஆலோசகர் மேசைமேல் ஏறி, அதில்தான் சுவரொட்டி இருக்கிறது என்று தெரிந்து இறங்கினார். காவலாளி கக்கத்தைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றினார். பூச்சியம்மா குப்பியை எடுத்து வருவதற்குள் காகிதத்தில் புள்ளி ஒன்றுதான் இருந்தது.

"கையைப் பாருங்க" என்றார் பூச்சியம்மா.

தலைவர் பார்த்தார். வலது மணிக்கட்டில், கடிகாரப் பட்டைக்கு மேலே, கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. அவர் பதறவில்லை. பத்தொன்பது வருட அனுபவம். "யாரும் பீதி அடைய வேணாம். இதுக்குத்தானே அதிகாரபூர்வமான படம் வெளியிட்டிருக்கோம்" என்றார். கையைச் சுவரொட்டியின் பக்கத்தில் கொண்டுபோனார். நீல உண்ணியைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். கிடங்குக்காரரிடம் ஸ்கேல் வாங்கி அதை அளந்தார், இதை அளந்தார். பிறகு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"இது அது இல்ல. நிறம் ஒத்துப் போகல. ஒளியும் வரல. விசாரணையைத் தொடருங்க."

பூச்சியம்மா அனுமதி கேட்காமல் அந்தக் கையைப் பிடித்து, ஆதாரத்துக்கு ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு, இடுக்கியால் உண்ணியை நிதானமாக எடுத்துக் குப்பியில் போட்டார். தலைவர் தன் கருத்து குறிப்பேட்டில் ஏறியதா என்று மட்டும் கேட்டார்.

கதவோரம் கிடங்குக்காரர் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. பெண் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் சாக்ஸ் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு புல்வெளி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார். எழுத்து மூலம் எதுவும் வாங்காமல் அவர் ஒரு பொருளைக் கொடுத்தது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை. வலைகள் தரையில் விழுந்தன. ஏழு பேரும் உட்கார்ந்து முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அண்ணன் பர்ஸிலிருந்து எதையோ எடுத்து ஒவ்வொருவரிடமாகக் காட்டினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிடங்குக்காரரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டார், அதன்மேல் இன்னொரு ஜோடி.

பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. புள்ளிக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. பூச்சியம்மா எடுத்த புகைப்படத்தைப் புதிய சுவரொட்டியாகப் போடலாம் என்று குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது. அதில் விதிப்படி ஒரு கை இருந்தது, அதுவும் தலைவருடையது. ஜன்னலிலிருந்து கொஞ்சம் ஒளியும் விழுந்திருந்தது. அளவுகூட உள்ளது உள்ளபடி. நாற்பது பிரதிக்கு உத்தரவாயிற்று.

அச்சுக்குப் போன மறுநாள் பளிச் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"கவலையே படாதீங்கம்மா. இந்தத் தடவை நானே பக்கத்துல உக்காந்து பாத்தேன். படம் அருமையா வந்திருக்கு. தலைவர் மணிக்கட்டுல மட்டும் ஒண்ணே ஒண்ணு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பேனாவில் மை நிரப்ப ஆரம்பித்திருந்தாள்.